பிக்னிக்கும் தீவும்

மௌனம் என்ற சொல் நம் கவிதைகளில் பட்டிருக்கும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. எந்தத் தொகுப்பைப் பிரித்தாலும் பத்துப் பக்கத்துக்குள் ஒரு மௌனம் உறைந்து கிடக்கிறது, அல்லது உடைகிறது, அல்லது பேசத் தொடங்குகிறது. சொல்ல ஒன்றும் அகப்படாத இடத்தில் இந்தச் சொல்லை வைத்துவிட்டால் ஆழம் வந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. கவிதைகள் மேல் புகார் எழுத நான் உட்காரவில்லை. மௌனத்தை அணியாக அல்லாமல் தினசரி ஸ்திதியாகவே கொண்டிருப்பவர்கள் என்று நாம் சுலபமாக நினைத்துக்கொள்ளும் ஒரு சமூகத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அமெரிக்காவின் காது கேளாதவர்கள். அவர்களில் வயதானவர்கள் தங்கள் இளமையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விஷயம் தவறாமல் வந்துவிடுகிறது: வருஷத்துக்கு ஒரு முறை கூடிய பிக்னிக். அந்த நினைவுகளில் எங்கு தேடியும் கிடைக்காத பொருள் ஒன்று உண்டென்றால் அது மௌனம்.

முதலில் வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம். அவர்கள் தங்கள் மொழியில் தங்களைக் குறிக்கும் சைகையில் இழப்பு என்ற தொனி கிடையாது. ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொல்லின் முதல் எழுத்தைப் பெரியதாக்கி, நோயின் பெயரிலிருந்து சமூகத்தின் பெயரைப் பிரித்துக் காட்டும் வழக்கம் 1972க்குப் பிறகு வந்தது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. நம்மிடம் இருப்பவை இரண்டு வகைச் சொற்கள்: ஒன்று வசவு, மற்றது எதிர்மறை. வசவை விட்டு எதிர்மறையை எடுத்துக்கொள்கிறேன், திருப்தியில்லாமல். ‘கேளாதவர்’ என்று எழுதும் ஒவ்வொரு தடவையும் நம் மொழி ஒரு கட்சியில் சேர்ந்துகொண்டு பேசுகிறது என்பதை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

பிக்னிக் என்றால் நாம் நினைக்கிற அதே பிக்னிக்தான். கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே ஒரு தோப்பு, அல்லது ஏரிக்கரை. சிகாகோ, டெட்ராயிட், ஆக்ரன் போன்ற தொழில் நகரங்களில் இருந்தவர்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். கோணிப்பைக்குள் காலை விட்டுக் குதித்து ஓடுவது, கயிறு இழுப்பது, பேஸ்பால். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு தேவாலயமோ தொழிற்சங்கமோ நடத்திய பிக்னிக்கிலிருந்து இதைப் பெரிதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. விசில் ஊதுவதில்லை, அவ்வளவுதான். பந்தயம் ஒரு கொடி இறங்குவதில் தொடங்குகிறது.

ஆனால் பேசுவதற்குக் கையும் கண்ணும் வேண்டும் என்றானபின் ஒரு கூட்டத்தின் வடிவமே மாறிவிடுகிறது. வரிசையாக உட்கார முடியாது. பக்கத்தில் இருப்பவன் என்ன சொன்னான் என்று தெரியாது. வட்டமாக நிற்க வேண்டும். புதிதாக ஒருவன் வந்தால் வட்டம் அகன்று கொடுக்க வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவனின் முகம் இருட்டாகிவிடும். அவன் நகர்ந்தே ஆகவேண்டும். தோப்பின் இந்த மூலையில் இருப்பவள் அந்த மூலையில் இருப்பவளோடு, நடுவில் ஐம்பது பேர் வேறு வேறு பேச்சில் மூழ்கியிருக்கும்போதே, குரலை உயர்த்தாமல் குடும்ப விவகாரம் பேசலாம். அதே காரணத்தால் ரகசியம் பேசுவது கஷ்டம். வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசாதே என்று சொல்லி நம்மை வளர்க்கிறார்கள். இவர்களுக்குப் பேச்சை மறிப்பது கையில் இருக்கும் சாண்ட்விச். சத்தத்துக்கும் குறைவில்லை. ஒருவர் கவனத்தைத் திருப்ப மேஜையைத் தட்டுகிறார்கள், தரையை உதைக்கிறார்கள். தங்கள் சிரிப்பு எப்படிக் கேட்கிறது என்ற கவலை இல்லாமல் சிரிக்கிறார்கள். வெளியுலகத்தில் அந்தச் சிரிப்பை அடக்கிக்கொள்ளும்படி சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுக்கப்பட்டவர்கள் இவர்கள். அங்கே யாரும் சொல்லவில்லை.

விளையாட்டைப் பற்றி அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சங்கதிகள் சில உண்டு. அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் தலைகளை ஒன்றுசேர்த்து வட்டமாகக் குனிந்து யோசனை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். அது 1890களில் வாஷிங்டனில் காது கேளாதவர்களுக்கான காலாடெட் கல்லூரி அணி செய்த வேலை. எதிர் அணியும் சைகை தெரிந்தவர்களாக இருந்தால் யோசனையை மறைக்க வேறு வழி இல்லை. பேஸ்பாலில் நடுவர்கள் கையால் தீர்ப்புச் சொல்வது 1888 முதல் 1902 வரை பெரிய அணிகளில் ஆடிய வில்லியம் ஹோய் என்ற காது கேளாத ஆட்டக்காரரால் வந்தது என்பது இன்னொன்று. இதைச் சரித்திரக்காரர்கள் பலர் ஒப்புவதில்லை. எனக்கு அந்தத் தகராறில் அக்கறை இல்லை. உங்கள் விளையாட்டுக்குள் எங்கள் கை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள ஒரு ஜனக்கூட்டத்துக்கு அவசியம் இருந்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1924ல் பாரிஸில், காது கேளாதவரான யூஜின் ரூபன்ஸ்-அல்கே முன்னின்று அவர்களுக்கென்றே சர்வதேசப் போட்டிகளைத் தொடங்கினார். இன்று டெஃப்லிம்பிக்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் போட்டிகளில் ஒரு விதி உண்டு: களத்தில் இறங்கும்போது காதுக் கருவியைக் கழற்றிவிட வேண்டும். நாம் இதைக் கேட்டால் முதலில் சிரிப்போம். பிறகு யோசித்தால் அந்த விதி ஒரு தத்துவ நிலைப்பாடு என்று தெரியும். சமத்துவம் என்பது எல்லோரையும் கேட்பவர்களின் பக்கமாக இழுத்துக்கொண்டு வருவது மட்டும்தானா?

இந்தப் பிக்னிக்குகள் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பாலும் படச்சுருள்களில். சார்லஸ் க்ரோவல் என்று சிகாகோவில் ஒருவர் இருந்தார், காது கேளாதவர். 1920களில் ஒரு சினிமாக் காமிராவை வாங்கிக்கொண்டு தன் நண்பர்களின் மாநாடுகள், பயணங்கள், கூட்டங்கள் எல்லாவற்றையும் பல வருஷங்கள் பிடித்துத் தள்ளினார். மொழியியலாளர் டெட் சுபல்லா, அவரும் காது கேளாதவர்தான், 1994ல் க்ரோவலைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுத்ததால் அந்தச் சுருள்கள் வெளியே தெரியவந்தன. ஒன்று-இரண்டு, ஒன்று-இரண்டு-மூன்று என்ற தாளத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து கைகளால் பாடும் காட்சியும் அவர் பிடித்தவற்றில் உண்டு. இவருக்கும் முன்னால், 1913ல், ஜார்ஜ் வெடிட்ஸ் காமிராவின் முன் நின்று சைகை மொழியைக் காப்பாற்ற வேண்டியதன் அவசியத்தைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்திருக்கிறார். பள்ளிகளிலிருந்து சைகையை விரட்டும் வேலை அப்போது மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 1880ல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது, சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டதன் விளைவு அது.

ஊமைப்படக் காலத்தில் எடுக்கப்பட்ட நம்முடைய குடும்பப் படங்களை யோசித்துப் பாருங்கள். நம்முடையவை என்றால், காது கேட்பவர்களுடையவை. தாத்தா எதையோ சொல்கிறார், உதடு அசைகிறது, பாட்டி சிரிக்கிறாள். என்ன சொன்னார்? போய்விட்டது. உடம்பு மிஞ்சியிருக்கிறது, பேச்சு மிஞ்சவில்லை. க்ரோவலின் சுருளில் அப்படி எதுவும் நஷ்டமாகவில்லை. அவர்கள் அன்றைக்குப் பேசியது அத்தனையும் அதில் இருக்கிறது, சில்லறை வம்பு உட்பட. அந்த யந்திரம் யாருக்காகவோ செய்யப்பட்டு, வேறு யாருக்கோ பூர்ணமாகப் பொருந்திவிட்டது. அதே யந்திரத்துக்கு 1927க்குப் பிறகு குரல் வந்ததும், எழுத்து அட்டைகளோடு ஓடிய ஊமைப்படங்களை மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இந்த ஜனங்கள் சினிமா கொட்டகையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சினிமா பேசத் தொடங்கியதைப் பற்றி நாம் எழுதுகிற சரித்திரங்களில் இது ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

வருஷத்துக்கு ஒரு நாள் கூடித் தின்று விளையாடிக் கலைவதற்கு இவ்வளவு கனம் எப்படி வந்தது? ஒரு காரணம் எளிமையானது. காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், காது கேட்கிற பெற்றோருக்குப் பிறப்பவை. அதாவது மற்ற எந்த இனமும் மொழியும் தாய்மடியில் வாங்கிக்கொள்வதை இவர்கள் வீட்டுக்கு வெளியே, ஒத்த வயதினரிடமிருந்து, விடுதிப் பள்ளியின் படுக்கையறையில், விளக்கணைந்த பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பள்ளி முடிந்து வேலைக்குப் போனபின் கிளப், கோடையில் பிக்னிக். ரத்தத்தின் வழியாக இறங்காத ஒரு பாரம்பரியம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக நட்டு வளர்க்கப்பட வேண்டும். வருஷாவருஷம் கூடாவிட்டால் அது இல்லை. மற்றவர்கள் சொந்தக்காரர்களைப் பார்க்கப் பிக்னிக்குக்குப் போனார்கள். இவர்கள் சொந்தக்காரர்களிடமிருந்து ஒரு நாள் விடுபட்டு, பேச்சுள்ள இடத்துக்குப் போனார்கள். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று கேட்டு, ‘ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்’ என்ற பதிலைப் பெறுவது இவர்களில் பலருடைய பால்ய அனுபவம்.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தது என் வங்கிப் புத்தி. பல நகரங்களில் பிக்னிக் நடத்தியது ஒரு இன்ஷூரன்ஸ் சங்கம். காது கேளாதவர்கள் சீக்கிரம் சாவார்கள், விபத்தில் அடிபடுவார்கள் என்று நம்பிய கம்பெனிகள் அவர்களுக்குப் பாலிசி கொடுக்க மறுத்தன, அல்லது கூடுதலாகப் பிரீமியம் கேட்டன. 1901ல் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ளின்ட் நகரில், அங்கிருந்த பள்ளியில் படித்த இளைஞர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு பரஸ்பர நிதிச் சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னால் காது கேளாதவர்களின் தேசிய சகோதர சங்கமாகி நகரத்துக்கு நகரம் கிளை விட்டது. க்ரோவலின் வட்டமும் இதுதான். சாவுக்கும் விபத்துக்கும் பணம் கட்டச் சேர்ந்தவர்கள், சேர்ந்த கையோடு விளையாடவும் செய்தார்கள். பேரேடும் கோணிப்பை ஓட்டமும் ஒரே ஸ்தாபனத்தில் இருந்தன. இதில் எனக்கு ஒரு தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. பேரேடு எழுதுகிறவனைக் கலாசாரத்தின் விரோதியாகவே பாவிக்கும் நண்பர்கள் எனக்கு நிறைய.

இந்தப் பிக்னிக்கைக் கண்டு பயந்தவரும் ஒருவர் உண்டு, அவர் சாமான்யர் அல்ல. டெலிபோன் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல். அவருடைய தாயாருக்குக் காது மந்தம். மனைவிக்கு ஐந்து வயதிலிருந்தே கேட்காது. அவரே காது கேளாதவர்களின் ஆசிரியர். 1883ல் அமெரிக்க விஞ்ஞான அகாதெமியின் முன் அவர் படித்த கட்டுரையின் சாரம் இது: காது கேளாதவர்கள் தனிப் பள்ளிகளில் படிக்கிறார்கள், தனி மொழி பேசுகிறார்கள், வளர்ந்தபின் தங்களுக்கென்று சங்கம் வைக்கிறார்கள், மாநாடு கூடுகிறார்கள், பத்திரிகை நடத்துகிறார்கள், அதனால் தங்களுக்குள்ளேயே கல்யாணம் செய்துகொள்கிறார்கள், இப்படியே போனால் மனித குலத்தில் ஒரு காது கேளாத இனவகை உருவாகிவிடும். கல்யாணத்தைச் சட்டத்தால் தடுப்பதை அவர் சிபாரிசு செய்யவில்லை. சேர்வதற்கான சந்தர்ப்பங்களைக் குறைப்பதே நல்லது என்றார். விடுதிப் பள்ளி வேண்டாம், சைகை வேண்டாம், காது கேளாத ஆசிரியர்கள் வேண்டாம். அவர் கணக்கு தப்பு என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் ஒரு விஷயத்தை அவர் மற்ற எல்லோரையும்விடத் துல்லியமாகப் பார்த்தார் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்: ஓரிடத்தில் கூடி விளையாடுவது வெறும் பொழுதுபோக்கல்ல, அதில் ஒரு ஜனம் உற்பத்தியாகிறது என்பதை. கருணையோடு அணுகியவர்கள் பலருக்கு இது தெரியவில்லை. எதிரிக்குத் தெரிந்தது.

பெல் தம் பரம்பரை ஆராய்ச்சிக்காகப் போன இடங்களில் ஒன்று மாஸசூஸெட்ஸ் கரையோரம் இருக்கும் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு. என் பிரச்னை இங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் தீவில் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் குடியேறிய குடும்பங்கள் சிலவற்றில் காது கேளாமை பரம்பரையாக இருந்தது. தலைமுறைகளாக உள்ளுக்குள்ளேயே கல்யாணம் நடந்ததில் அது பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கா முழுவதற்கும் 5,728 பேருக்கு ஒருவர் என்றிருந்தபோது தீவில் 155 பேருக்கு ஒருவர். சில்மார்க் என்ற கிராமத்தில் 25 பேருக்கு ஒருவர். இவ்வளவு பேர் இருக்கவே, கேட்கிறவர்களும் சைகை பேசினார்கள். கடையில், படகில், தேவாலயத்தில், வீட்டில். காது கேளாதவர் யாரும் பக்கத்தில் இல்லாதபோதும் பேசினார்கள், தூரத்துப் படகிலிருந்து கரைக்குச் சொல்ல அதுவே சௌகரியம் என்பதால். நோரா எலன் க்ரோஸ் என்ற மானிடவியலாளர் 1970களின் கடைசியில் தீவின் முதியவர்களைத் தேடிப்போய்ப் பேசி, 1985ல் எழுதிய புத்தகத்தில் இதெல்லாம் இருக்கிறது. பழைய மனிதர்கள் இருவரின் பெயரைச் சொல்லி அவர்களுக்குள் ஒற்றுமை ஏதாவது உண்டா என்று அவர் கேட்டால், இருவரும் நல்ல மீனவர்கள் என்று ஞாபகப்படுத்திச் சொல்கிறாள் ஒரு கிழவி. இருவருக்கும் காது கேட்காதே என்று எடுத்துக்கொடுத்த பிறகுதான், ஆமாம், இப்போது யோசித்தால் அப்படித்தான் என்கிறாள்.

இதைவிட நியாயமான ஒரு சமூகத்தை, இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்தவரை, நாம் கற்பனை செய்யக்கூட முடியாது. அங்கே காது கேளாதவர்களுக்கென்று கிளப் கிடையாது, இன்ஷூரன்ஸ் சங்கம் கிடையாது, பிக்னிக் கிடையாது. எதற்கு? ஊர்த் திருவிழாவே அவர்களுக்கும் புரியும்போது தனியாக ஒரு கூட்டம் எதற்கு? ஆனால் அதனாலேயே, அவர்கள் காது கேளாதவர்கள் என்ற ஒரு ஜனமாக ஒருபோதும் ஆகவில்லை. அவர்களுக்கென்று ஒரு சரித்திரமோ, வேடிக்கைக் கதைகளோ, கையால் பாடும் பாட்டோ சேர்ந்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் நிலப்பகுதியிலிருந்த ஹார்ட்ஃபர்ட் பள்ளிக்குப் படிக்கப் போய், அங்கே சந்தித்தவர்களைக் கல்யாணம் செய்துகொள்ளத் தொடங்கியதில் பரம்பரை கலைந்தது. பரம்பரையான காது கேளாமையோடு பிறந்தவர்களில் கடைசி ஆள் 1952ல் இறந்தார். அந்தச் சைகை மொழி தினசரிப் புழக்கத்தில் இருந்தபோது அதை யாரும் படம் பிடித்து வைத்ததாகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பேசுவதை எவன் படம் பிடிப்பான்?

ஆக, நியாயமான தீவு நினைவை விட்டுப் போகவில்லை. அநியாயம் நிறைந்த சிகாகோவில் இன்ஷூரன்ஸ் மறுக்கப்பட்டவர்கள் நினைவை விட்டுப் போயிருக்கிறார்கள். முதியவர் ஒருவர் அந்தப் பிக்னிக்குகளை நினைத்துக் கண் கலங்கும்போது அவர் எதற்காகக் கலங்குகிறார்? அந்த நாளின் நிறைவு மற்ற 364 நாட்களின் வறட்சியிலிருந்து ஊறியது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட முடியுமா? ஒரு அநீதி இல்லாமல் பிறந்திருக்கவே முடியாத நன்மையை, அநீதி குறைந்தபின் ஏக்கத்தோடு நினைப்பது தார்மீகமாகச் சரியா?

இது அவர்களுடைய பிரச்னை மட்டுமல்ல என்று சொல்லி உடனே பொதுமைப்படுத்திவிடும் ஆசை எனக்கும் வருகிறது. அடக்கிக்கொள்கிறேன், ஒரு காரணத்துக்காக. நம் சிறுபத்திரிகை வட்டமும் முன்னூறு பேர், வருஷத்துக்கு ஒரு கூட்டம், வெளியுலகுக்குப் புரியாத பாஷை, எனவே நாமும் ஒரு வகையில் இவர்கள்தான் என்று ஒரு நண்பர் இதைக் கேட்டதும் சொன்னார். இல்லை. நாம் விலகிக்கொண்டவர்கள், அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. நமக்கு யாரும் பாலிசி மறுக்கவில்லை. சொந்த மொழியில் பேசியதற்காக வகுப்பில் நம் கைகளை யாரும் கட்டவில்லை.

மிலானுக்குப் பிறகு பல பள்ளிகளில் அது நடந்தது. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளச் சொல்வது, மேல் உட்கார்ந்துகொள்ளச் சொல்வது, அடிப்பது, கட்டுவது. இதைப் படிக்கும்போது எனக்குக் குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் பாட்டு ஒன்று வேறு விதமாகத் தெரிகிறது. வெயில் காயும் பாறையில் உருகும் வெண்ணெய். அதைக் கண்ணால் மட்டும் காவல் காக்கும் ஊமன். அந்த ஊமனுக்குக் கையும் இல்லை என்று சொல்லியிருப்பதைக் காதல் நோயின் கையாலாகாத்தனத்துக்கு உவமை என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சரிதான். ஆனால் ஊமன் என்றதோடு அந்தக் கவி நிறுத்தவில்லை என்பதை யோசிக்க வேண்டும். கை இருந்தால் அவன் வெண்ணெயை எடுத்துவைத்திருப்பான், அல்லது சைகை காட்டி யாரையாவது அழைத்திருப்பான். கையுள்ள ஊமன் அவ்வளவு கதியற்றவன் அல்ல என்று அந்தக் காலத்துக் கவிக்குத் தெரிந்திருக்கிறது. முழு நிர்க்கதியைக் காட்ட அவர் கையையும் எடுத்துவிட வேண்டியிருந்தது. மிலானில் கூடிய படித்த மனிதர்களுக்கு இது தெரியவில்லை. அவர்கள் கல்வி என்ற பெயரில் கையில்லாத ஊமர்களை உற்பத்தி செய்தார்கள்.

பிக்னிக்கை நான் புனிதமாக்கவும் தயாராக இல்லை. அந்தச் சகோதர சங்கம் 1951 வரை பெண்களை உறுப்பினராக்கவில்லை. 1880ல் தொடங்கிய காது கேளாதவர்களின் தேசிய சங்கம் 1925ல் கறுப்பர்களுக்குக் கதவைச் சாத்தியது, 1965ல்தான் திறந்தது. பெண்களுக்கு ஓட்டு 1964ல். விலக்கப்பட்டவர்கள் விலக்குவதில் கெட்டிக்காரர்களாக இருப்பது நாம் இங்கே அறியாத சமாசாரம் அல்ல. ஆனால் இங்கும் அதே புதிர் தலைகாட்டுகிறது. தென் மாநிலங்களில் கறுப்பர் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள், மட்டமான பள்ளிகள். வாய்ப்பேச்சுப் போதனை என்ற உயர்ந்த சிகிச்சையை இந்தக் குழந்தைகளுக்குச் செலவழிப்பானேன் என்று அதிகாரிகள் அதிகம் சிரத்தை எடுக்கவில்லை. எனவே அங்கே சைகை தப்பித்தது. வெள்ளையர் பள்ளிகளில் மங்கிப்போன பழைய வடிவங்கள் சில, இரண்டு கையையும் அகலமாக வீசிச் செய்யும் சைகைகள், அங்கே நின்றன. அலட்சியம் காப்பாற்றியிருக்கிறது. அதற்காக அலட்சியத்துக்கு நன்றி சொல்ல முடியுமா?

சொல்ல முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரணம் என்பது வேறு, நியாயம் என்பது வேறு. ஒரு பொருள் எதனால் உண்டாயிற்று என்பது அதன் மதிப்பைத் தீர்மானிப்பதில்லை; அந்த மதிப்பு திரும்பிப்போய் அதை உண்டாக்கியதை நியாயப்படுத்துவதும் இல்லை. தர்க்கத்தில் இது சரி. ஆனால் ஏங்குகிற மனசு தர்க்கப்படி ஏங்குவதில்லை என்பதால் இந்தப் பதில் பாதித் தூரம்தான் வருகிறது.

தீவையும் தோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்கு வேறொன்று தென்பட்டது. தீவில் யார் கற்றுக்கொண்டார்கள்? கேட்கிறவர்கள். விலையைக் கொடுத்தது பெரும்பான்மை. கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுத்தது. தோப்பில் விலையைக் கொடுத்தவர்கள் காது கேளாதவர்கள். சந்தா கட்டி, ரயிலேறி, வருஷம் பூராவும் காத்திருந்து. இப்போது கிளப்புகள் மூடிக்கொண்டு போகின்றன. அதற்குக் காரணங்கள் பல. லைனோடைப் யந்திரங்கள் போனதும் அவற்றில் இருந்த காது கேளாத அச்சுக் கோப்பவர்களின் தொழில் போனது ஒரு காரணம். யந்திர இரைச்சல் பாதிக்காது என்பதால் அச்சகங்கள் இவர்களை விரும்பி வைத்திருந்தன. நம் பத்திரிகைகளும் ஈய எழுத்தில் பிறந்தவை என்பதால் இந்தத் தகவலை நான் கொஞ்சம் அதிகமாகவே நேசிக்கிறேன். எழுத்தில் பேசும் தொலைபேசி 1960களில் வந்தது, தொலைக்காட்சியில் வசனம் 1980ல். ஒருவரையொருவர் பார்க்க நேரில் போகவேண்டிய அவசியம் குறைந்தது. 1990ல் குழந்தைகளின் செவிக்குள் கருவி பதிக்க அனுமதி கிடைத்தது. இதில் கடைசியாகச் சொன்னதை முன்னேற்றத்தின் முடிவான வெற்றியாகச் சொல்கிறவர்கள், மறுபடியும் விலை யார் மேல் விழுகிறது என்று கவனிப்பதில்லை. சின்னக் குழந்தையின் மண்டையோட்டில் விழுகிறது. கருவி வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, அதைச் சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. தன் குழந்தை தன் குரலைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாய் ஆசைப்படுவதில் கோணல் எதுவும் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் கற்றுக்கொள்வது என்ற வழி ஒரு இடத்தில் இருநூறு வருஷத்துக்கும் மேல் சாதாரணமாக நடந்திருக்கிறது. அது யாருடைய யோசனையிலும் ஒரு மாற்றாகக்கூட வராதது எனக்கு விசித்திரமாக இருக்கிறது.

எனவே அந்த முதியவர் கண்கலங்குவதை இறந்தகாலத்தின் மீதான மோகமாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. அவர் கேட்பது மற்ற 364 நாட்களை அல்ல. தான் விதிவிலக்காக இல்லாத ஒரு இடத்தில், யாருக்கும் எதையும் விளக்காமல், தப்பாகப் பந்தைப் பிடித்ததற்காகக் கேலி செய்யப்படும் உரிமையோடு ஒரு நாள் முழுவதும் இருந்ததை அவர் உடம்பு மறக்கவில்லை. கேலியைச் சும்மா சொல்லவில்லை. பரிதாபத்துக்குரியவனை யாரும் கேலி செய்வதில்லை. ஆட்டத்தில் தோற்கவும் திட்டு வாங்கவும் அவருக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் இடம் இருந்தது. தீவு மீனவனுக்கு அது தினமும் இருந்தது. அதனால் அவன் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பிக்னிக் முடிந்து விடைபெறுவது லேசில் முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். கிளம்புகிறேன் என்று சொன்னபின் இன்னும் ஒரு மணி நேரம். வெளிச்சம் போனால் பேச்சு போய்விடும் என்பதால், இருட்டத் தொடங்கியதும் கூட்டம் விளக்குக் கம்பத்தைத் தேடி நகரும். அங்கே மறுபடி வட்டம்.

க்ரோஸ் தீவுக்குப் போனபோது சைகை தெரிந்த காது கேளாதவர் ஒருவரும் அங்கே உயிரோடு இல்லை. அவருக்குச் சில சைகைகளைச் செய்து காட்டியவர்கள் காது கேட்கிற கிழவர்களும் கிழவிகளும். படகு என்பதற்கு இது, இன்ன ஆளுக்கு இது என்று. மொழியின் மிச்சம் அவர்கள் கைகளில் இருந்தது. க்ரோவலின் சுருள்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அவற்றை ஓடவிட்டுப் பார்க்கும் என் போன்றவனுக்கு, தோப்பும் வெயிலும் வேகமாக அசையும் கைகளும் தெரிகின்றன, யாரோ யாரையோ பார்த்துச் சிரிக்கிறார்கள். எதற்கென்று கேட்டால் சொல்ல, பக்கத்தில் ஆள் இல்லை.